டன்னுக்கு நூறு கிராம்: கறிக்கோழித் தீவனத்தில் என்சைம் கணக்கு

பல்லடம், பொங்கலூர், உடுமலை பக்கம் கறிக்கோழி விடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஒப்பந்தப் பண்ணைக்காரர்கள். குஞ்சும் தீவனமும் கம்பெனி வண்டியிலேயே வந்து இறங்கிவிடும். மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்பது கம்பெனியின் கவலை. இந்தப் பதிவு மற்றவர்களுக்கு. மக்காச்சோளத்தையும் சோயாவையும் தாங்களே வாங்கி, சொந்த மிக்சரில் அரைத்துக் கலந்து, ஐயாயிரம் பத்தாயிரம் கோழி வளர்க்கிறவர்களுக்கு.

அவர்கள் கையில் என்சைம் (தீவனத்தைச் செரிக்க உதவும் நொதி) பொட்டலம் வந்து சேருகிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். "டன்னுக்கு நூறு கிராம் போடுங்க, எப்.சி.ஆர். இறங்கும்" என்று என்சைம் விற்கும் பிரதிநிதிகள் சொல்லிக் கொடுப்பார்கள். எப்.சி.ஆர். என்பது ஒரு கிலோ எடை ஏற கோழி தின்னும் தீவனக் கிலோ. ஏற்கனவே இருக்கும் ஃபார்முலாவில் ஒன்றையும் மாற்றாமல் நூறு கிராமைத் தூவிவிட்டு, கோழி எடை ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருப்போம். எடை பெரிதாக ஏறாது. ஏனென்றால் அந்தத் தீவனத்தில் கோழிக்கு வேண்டிய பாஸ்பரஸும் எரிசக்தியும் முன்பே முழுதாக இருக்கிறது. என்சைம் விடுவித்துக் கொடுக்கும் கூடுதல் சத்து எச்சத்தோடு தரையில் பரப்பிய ஆழ்கூளத்துக்குத்தான் போகும். என்சைம் எவ்வளவு விடுவிக்கிறதோ, அந்த அளவுக்கு விலை அதிகமான பொருளைத் தீவனத்திலிருந்து எடுத்தால்தான் பணம் மிஞ்சும். கம்பெனி நியூட்ரிஷனிஸ்டுகள் இதை 'மேட்ரிக்ஸ்' என்பார்கள். சொந்தமாகத் தீவனம் கலக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் ஃபைட்டேஸ். எல்லா என்சைமிலும் கணக்குச் சுத்தமாக வருவது இதில்தான். தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற உருவத்தில் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் நொதியான ஃபைட்டேஸ் கோழியின் குடலில் போதுமான அளவு சுரப்பதில்லை. ஒரு டன் ஸ்டார்ட்டர் (குஞ்சுப் பருவ) தீவனத்தில் 565 கிலோ மக்காச்சோளமும் 365 கிலோ சோயா புண்ணாக்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவை இரண்டிலுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 2.5 கிலோ பாஸ்பரஸ் ஃபைட்டேட்டில் அடைபட்டிருக்கிறது. கோழி எடுத்துக்கொள்ளக்கூடிய பாஸ்பரஸோ 1.25 கிலோ, அவ்வளவுதான். கிடைக்கும் பாஸ்பரஸ் 0.45 சதவீதம் வேண்டும் என்றால், அதாவது டன்னுக்கு 4.5 கிலோ, மீதி 3.25 கிலோவை டி.சி.பி. என்ற டைகால்சியம் பாஸ்பேட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். டி.சி.பி.யில் பாஸ்பரஸ் 18 சதவீதம். ஆகவே டன்னுக்கு 18 கிலோ டி.சி.பி. தாதுச் சரக்குகளில் கனமான செலவு இதுதான்.

ஃபைட்டேஸின் வலிமையை எஃப்.டி.யு. என்ற அலகில் அச்சிட்டிருப்பார்கள். கறிக்கோழிக்கு வழக்கமான அளவு கிலோ தீவனத்துக்கு 500 எஃப்.டி.யு. டன்னுக்கு ஐந்து லட்சம். பொட்டலத்தில் 'கிராமுக்கு 5000' என்று போட்டிருந்தால் 100 கிராம். 'கிராமுக்கு 2500' என்றால் 200 கிராம். பத்தாயிரம் என்றால் 50 கிராம் போதும். "நூறு கிராம்" என்று வாய்ப்பாடாக வைத்துக்கொண்டு, பிராண்டை மாற்றும்போதும் அதே நூறு கிராமைப் போடுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. 5000 போட்டுப் பழகியவர் 2500க்கு மாறினால் பாதி மருந்துதான் உள்ளே போகிறது, டி.சி.பி.யோ முழுதாகக் குறைந்திருக்கிறது. கால் ஊனம் அங்கேதான் தொடங்கும்.

500 எஃப்.டி.யு. பொதுவாக 0.10 முதல் 0.12 சதவீதம் வரை கிடைக்கும் பாஸ்பரஸை விடுவிக்கும். கீழ் எல்லையையே எடுத்துக்கொள்ளுங்கள். 0.10 சதவீதம் என்றால் டன்னுக்கு 1 கிலோ பாஸ்பரஸ்; அதை 18 சதவீதத்தால் வகுத்தால் 5.5 கிலோ டி.சி.பி. இதை எடுத்துவிடலாம். பதினெட்டு கிலோ பன்னிரண்டரை ஆகிறது. இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள், கால்சியத்தை மறந்துவிடுகிறார்கள். டி.சி.பி.யில் 23, 24 சதவீதம் கால்சியமும் இருக்கிறது. 5.5 கிலோவை எடுத்தால் 1.3 கிலோ கால்சியமும் சேர்ந்து போய்விடும். ஃபைட்டேட் பிடித்து வைத்திருந்த கால்சியமும் விடுபடுவதால் சுமார் 1 கிலோவைக் குறைத்துக்கொள்ளலாம். மீதி 300 கிராம் கால்சியத்துக்கு 800 கிராம் சுண்ணாம்புக்கல் பொடியைக் கூட்டிவிட்டால் கணக்குச் சரி. 5.5 கிலோ வெளியே, 0.8 கிலோ உள்ளே. காலியான 4.7 கிலோ இடத்தில் மக்காச்சோளம்.

இன்றைய டி.சி.பி. விலையை 5.5ஆல் பெருக்குங்கள். அதிலிருந்து 4.7 கிலோ மக்காச்சோளத்தின் விலை, கொஞ்சம் சுண்ணாம்புக்கல் விலை, ஃபைட்டேஸ் விலை மூன்றையும் கழியுங்கள். மிஞ்சுவது டன்னுக்கு உங்கள் லாபம். பிரதிநிதி காட்டுகிற வண்ண அட்டையில் ஃபைட்டேஸுக்கு எரிசக்தி, லைசின், மெத்தியோனின் (இரண்டும் அமினோ அமிலங்கள்) எல்லாவற்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். அவை பொய் என்று சொல்லவில்லை. ஃபைட்டேட் புரதத்தையும் பிடித்து வைப்பது உண்மைதான். ஆனால் சொந்தக் கலவையில் முதல் இரண்டு மூன்று பேட்சுக்கு பாஸ்பரஸையும் கால்சியத்தையும் மட்டும் எடுங்கள். மெத்தியோனினைக் குறைத்துப் பார்க்கிற இடம் இதுவல்ல.

சுண்ணாம்புக்கல் பற்றி இன்னொரு வார்த்தை. ஃபைட்டேஸ் வேலை செய்வது இரைப்பையிலும் அரைவைப்பையிலும், புளிப்பு இருக்கும் இடத்தில். சிறுகுடலுக்குப் போனதும் புளிப்புக் குறைந்து, ஃபைட்டேட்டும் கால்சியமும் இறுக ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு என்சைமால் தொட முடியாது. கால்சியம் தேவைக்கு மேல் இருந்தாலும், சுண்ணாம்புக்கல் மாவு போல நைசாக இருந்தாலும் இந்த ஒட்டுதல் அரைவைப்பையிலேயே தொடங்கிவிடும். கிடைக்கும் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு கால்சியம், அதைத் தாண்ட வேண்டாம். பொடி ரவைப் பதத்தில் கிடைத்தால் அதை வாங்குங்கள். மக்காச்சோளத்தையும் மாவாக்காதீர்கள்; ஹேமர் மில்லில் 3, 4 மில்லிமீட்டர் சல்லடை போதும். கொஞ்சம் பருமனாக இருந்தால் அரைவைப்பை அதை அதிக நேரம் பிடித்து வைத்து அரைக்கும். ஃபைட்டேஸுக்கு வேலை செய்ய அந்த நேரம்தான் கிடைக்கிறது.

அடுத்து நார்ச்சத்தை உடைக்கும் என்சைம்கள்: சைலனேஸ், குளுக்கனேஸ், செல்லுலேஸ், பெக்டினேஸ், மானனேஸ். கடையில் 'காக்டெயில்' என்று ஒரே பொட்டலத்தில் வரும். இதில்தான் நம் பக்கம் அதிகக் குழப்பம். எந்த என்சைமும் அது உடைக்க வேண்டிய பொருள் தீவனத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். கோதுமை போட்டால் அதிலுள்ள கரையக்கூடிய அரபினோசைலன் என்ற நார் குடலில் கஞ்சிபோலக் கெட்டியாகி, எச்சம் ஒட்டும், கூளம் நனையும். சைலனேஸ் அங்கே இரண்டு மூன்று நாளிலேயே கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்தைக் காட்டும். மக்காச்சோளத்தில் அந்த வழவழப்பு இல்லை. அதிலுள்ள அரபினோசைலன் பெரும்பாலும் கரையாதது. அதன் வேலை மாவுச்சத்தையும் புரதத்தையும் செல் சுவருக்குள் கூண்டுபோல அடைத்து வைப்பது. சைலனேஸ் அந்தக் கூண்டை ஓட்டை போடுகிறது. பலன் உண்டு, ஆனால் கோதுமையில் கண்டதைப்போல எதிர்பார்க்கக் கூடாது. கலவையில் கம்பு, எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு ஆகியவற்றின் பங்கு ஏற ஏற பலன் கூடும். தவிட்டில் பாஸ்பரஸும் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஃபைட்டேட். காங்கேயத்து அரிசி ஆலைத் தவிட்டைச் சேர்க்கிறவர்கள் சைலனேஸ், ஃபைட்டேஸ் இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

காங்கேயம் என்றதும் தேங்காய்ப் புண்ணாக்கைச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளகோவில், காங்கேயம் எண்ணெய் ஆலைகளிலிருந்து பக்கத்திலேயே கிடைக்கிறது. சோயா விலை ஏறும்போதெல்லாம் கை அங்கே போகும். தேங்காய்ப் புண்ணாக்கின் எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் மானன் என்ற நார். கோழிக்கு அது செரிக்காது. போதாக்குறைக்கு, சில கிருமிகளின் மேல்தோலில் இருக்கும் மானனைப் போலவே இருப்பதால், உடம்பு அதைக் கிருமி என்று நினைத்துக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தியைச் செலவழிக்கும். வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்து அதில் போகிறது. இங்கே கேட்டு வாங்க வேண்டியது மானனேஸ். பொதுவான காக்டெயிலில் அது பேருக்குத்தான் இருக்கும். மானனேஸ் போட்டாலும் தேங்காய் மானன் முழுதும் உடையாது. லைசின் குறைவு என்ற குறையும் அப்படியே நிற்கும். ஸ்டார்ட்டரில் தேங்காய்ப் புண்ணாக்கே வேண்டாம். கடைசிக் கட்டத் தீவனமான ஃபினிஷரில் 5 சதவீதத்துக்குள், மானனேஸோடும் லைசின் சரிக்கட்டோடும் போடலாம். சேலம், நாமக்கல் சேகோ ஆலைத் திப்பியைச் சேர்க்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: அதில் மாவுச்சத்து உண்டு, புரதம் கிட்டத்தட்ட இல்லை. இல்லாத புரதத்தை என்சைம் உண்டாக்காது.

நார் என்சைமுக்கு எரிசக்தி மேட்ரிக்ஸ் எவ்வளவு எடுப்பது? அட்டையில் கிலோ தீவனத்துக்கு 80, 100 கிலோ கலோரி என்று போட்டிருந்தாலும் மக்காச்சோளம்-சோயா தீவனத்தில் 40 முதல் 50க்கு மேல் நம்ப வேண்டாம். 50 கிலோ கலோரி என்பது கையில் என்ன? எண்ணெயில் கிலோவுக்கு சுமார் 8800, மக்காச்சோளத்தில் 3350. டன்னுக்கு 9 கிலோ எண்ணெயை எடுத்து 9 கிலோ மக்காச்சோளம் போட்டால் கிலோ தீவனத்தில் ஏறத்தாழ 50 குறையும். முப்பது கிலோ எண்ணெய் ஊற்றுகிற இடத்தில் 21 போதும் என்பது சின்ன விஷயமல்ல. சைலனேஸ் அலகுகளில் ஒரு சிக்கல் உண்டு: ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு சோதனை முறையில் அளக்கிறது. ஒன்றின் பத்தாயிரமும் இன்னொன்றின் பத்தாயிரமும் ஒன்றல்ல. எண்ணை மட்டும் பார்த்து "இதில் வலிமை அதிகம்" என்று மாறாதீர்கள்.

இரண்டு மூன்று என்சைம் சேர்க்கும்போது எல்லா அட்டையிலும் உள்ள எண்களைக் கூட்டி மொத்தமாகக் கழிப்பது பெரிய தப்பு. ஒரே கூண்டை இரண்டு பேர் உடைத்தால் உள்ளே இருப்பது இரட்டிப்பாகாது. அதோடு, நீங்கள் வாங்கும் வைட்டமின், தாதுக் கலவையான பிரீமிக்ஸில் ஃபைட்டேஸ் ஏற்கனவே கலந்திருக்கலாம். லேபிளைப் படியுங்கள். தெரியாமல் மறுபடி தனியாக வாங்கிப் போட்டு, மேட்ரிக்ஸையும் இரண்டு தடவை கழித்தால் முதல் பேட்சிலேயே தெரிந்துவிடும்.

புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸைப் பற்றிச் சுருக்கமாக. சோயா நன்றாக இருந்தால் இதன் பலன் குறைவு. சோயா பச்சையாக இருந்தால் டிரிப்சின் தடுப்பான் மிஞ்சும், கருகியிருந்தால் லைசினே கெட்டுப்போயிருக்கும். கருகியதை எந்த என்சைமாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. சோயா பதமாக வெந்திருக்கிறதா என்று பார்க்கும் யூரியேஸ் சோதனையில் பி.எச். ஏற்றம் 0.05 முதல் 0.20க்குள் இருக்கட்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரையும் புரதம் 75 முதல் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அரை கிலோ மாதிரியை, ஒரே மூட்டையிலிருந்து எடுக்காமல் பத்து மூட்டையில் குத்தி எடுத்துக் கலந்து, கொண்டுபோய்க் கொடுங்கள். புரோட்டியேஸ் வாங்கும் காசைவிட இந்தச் சோதனைக் காசு நன்றாக வேலை செய்யும்.

இனி கலவை. நூறு கிராமை ஒரு டன்னில் சீராகப் பரப்புவது என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நேராக மிக்சரில் கொட்டினால் ஒரு மூட்டையில் எல்லாம், மற்றதில் ஒன்றுமில்லை. கடைத்தராசு வேண்டாம், ஒரு கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். 250 கிலோ மிக்சருக்கு 25 கிராம்தான் வரும், அதைக் கைக்கணக்கில் போட முடியாது. நூறு கிராமை 900 கிராம் நைசான மக்காச்சோள மாவோடு மூடியுள்ள வாளியில் போட்டுக் குலுக்குங்கள். ஒரு கிலோ ஆயிற்று. அதை நாலு கிலோ மாவில், பிறகு அந்த ஐந்து கிலோவை இருபது கிலோவில். இருபத்தைந்து கிலோ கலவையான பிறகு, பாதி மக்காச்சோளம் மிக்சரில் ஓடிக்கொண்டிருக்கும்போது தூவி விடுங்கள். எண்ணெய் எப்போதும் கடைசியில். எண்ணெய் பட்ட தீவனத்தில் பொடி உருண்டை பிடித்துவிடும். படுக்கை ரிப்பன் மிக்சருக்கு எல்லாச் சரக்கும் விழுந்த பிறகு 3 முதல் 5 நிமிடம், செங்குத்துத் திருகு மிக்சருக்கு 12 முதல் 15 நிமிடம். கலவை சீரா என்று சந்தேகம் இருந்தால் மிக்சர் காலியாகும்போது தொடக்கம், நடு, கடைசி என்று பத்து இடத்தில் மாதிரி எடுத்து, ஒவ்வொன்றிலும் உப்பின் அளவைச் சோதிக்கக் கொடுங்கள். பத்து எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டுக் கெழு 10 சதவீதத்துக்குள் இருந்தால் மிக்சர் நன்றாக இருக்கிறது.

என்சைம் ஒரு புரதம். சூடு, ஈரம், குளோரின் மூன்றும் அதற்கு ஆகாது. சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரியைத் தாண்டுகிற தீவன அறையில் திறந்த பொட்டலத்தை மாசக்கணக்கில் வைத்திருந்தால், பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணுக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் சம்பந்தம் இருக்காது. வீட்டுக்குள் நிழலான அறையில், இறுக மூடிய டப்பாவில், ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும். கோலின் குளோரைடு ஈரத்தை இழுக்கும். அதோடும் மயில்துத்தத்தோடும் என்சைமை முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள். கலக்கும் நாளில் தனித்தனியாகப் போடுங்கள். பெல்லெட் அடிக்கிறவர்கள் கண்டிஷனர் சூட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: 80, 85 டிகிரி நீராவியில் மேற்பூச்சு இல்லாத சாதாரணப் பொடி பெரும்பாலும் செத்துவிடும். பெல்லெட் அடிக்காத மேஷ் தீவனத்துக்கு மலிவான பொடியே போதும். சூடு தாங்கும் வகைக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. குடிதண்ணீரில் கலக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். குளோரின் ஒரு பக்கம். கோடையில் கோழி தண்ணீரை இரண்டு மடங்கு குடிக்கும், தீவனத்தைக் குறைத்துத் தின்னும், அளவே தாறுமாறாகிவிடும்.

கோளாறு எப்படித் தெரியும்? பாஸ்பரஸ் குறைந்தால் பத்து முதல் பதினான்கு நாளுக்குள். குஞ்சு எழுந்து நடக்காமல் கணுக்காலில் உட்காரும். அலகை விரலால் அழுத்தினால் ரப்பர்போல வளையும், நெஞ்செலும்பு கோணும். இறந்த குஞ்சின் கால் எலும்பை ஒடித்தால் 'டக்' என்று முறியாமல் வளையும். இதைப் பார்த்ததும் கால்சியம் டானிக்கைத் தண்ணீரில் ஊற்றுவதுதான் பலரும் செய்வது. பாஸ்பரஸ் குறைந்த இடத்தில் கால்சியத்தை மட்டும் கூட்டினால் நிலைமை இன்னும் கெடும். எடுத்த 5.5 கிலோ டி.சி.பி.யை அன்றே திரும்பப் போடுங்கள், டி3 வைட்டமின் கொடுங்கள், பிறகு பொட்டலத்தின் அலகு, தேதி, கலவை எல்லாவற்றையும் சரிபாருங்கள். இந்த ஆபத்துக்காகவே முதல் பத்து நாள் பிரீஸ்டார்ட்டரில் டி.சி.பி.யைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பத்து நாளில் ஒரு குஞ்சு தின்பது கால் கிலோ சொச்சம். அதில் மிச்சம் பிடித்து எலும்பைப் பணயம் வைக்கக் கூடாது.

கூளம் நனைவதை என்சைம் சரிசெய்யும் என்று எதிர்பார்ப்பவர்கள் முதலில் தண்ணீர்க் குழாயின் நிப்பிள் ஒழுக்கையும் உப்பின் அளவையும் எச்சத்தில் ரத்தத்தையும் பாருங்கள். ரத்தக் கழிச்சல் நோயையோ ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் நஞ்சையோ என்சைம் தொடாது.

கடைசியாக, நம் பண்ணையிலேயே சோதித்துப் பார்க்கும் முறை. முந்தைய பேட்சோடு ஒப்பிடுவது கவைக்கு உதவாது. குஞ்சு வேறு, பருவம் வேறு. ஒரே கொட்டகையில் வலை கட்டிப் பன்னிரண்டு அறை, அறைக்கு நூறு குஞ்சு. ஆடிக் காற்று மேற்குக் கோடியில் அடிக்கும், அங்கே வளரும் கோழியும் நடுவில் வளரும் கோழியும் ஒன்றல்ல என்பதால் அறைகளை வரிசையாகப் பிரிக்காமல் மாற்றி மாற்றி ஒதுக்குங்கள். ஐந்து அறைக்கு என்சைம் இல்லாத முழு ஃபார்முலா. ஐந்து அறைக்கு என்சைம் போட்டு, மேட்ரிக்ஸ் கழித்த ஃபார்முலா. மீதி இரண்டு அறைக்கு எண்ணெயை மட்டும் கழித்து, என்சைம் போடாத தீவனம், டி.சி.பி.யை அங்கே கழிக்க வேண்டாம், கால் போய்விடும். தின்ற தீவனத்தை அறைவாரியாக நிறுத்து எழுதுங்கள், செத்த கோழியின் எடையையும் விடாமல் எழுதுங்கள். 21ஆம் நாளும் 35ஆம் நாளும் எடை.

முதல் ஐந்தும் இரண்டாவது ஐந்தும் ஒரே எடையில், ஒரே எப்.சி.ஆரில் நின்றால் என்சைம் தன் வேலையைச் செய்துவிட்டது. எடை கூடவில்லையே என்று வருத்தப்பட வேண்டியதில்லை, தீவனச் செலவு குறைந்திருக்கிறது. இரண்டாவது ஐந்தில் எப்.சி.ஆர். 0.05 ஏறினால் கூட ஐயாயிரம் கோழிக்கு, கோழி இரண்டு கிலோ என்றால், 500 கிலோ தீவனம், அதாவது பத்து மூட்டை கூடுதலாகப் போகிறது. மேட்ரிக்ஸைப் பாதியாக்கி மறுபடி பாருங்கள். அந்தக் கடைசி இரண்டு அறையும் மற்றவற்றைப் போலவே நன்றாக வளர்ந்திருந்தால், இத்தனை நாளாக உங்கள் ஃபார்முலாவில் எண்ணெய் தேவைக்கு மேல் இருந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் சைலனேஸை ஒதுக்கிவிட்டு முதலில் அந்த எண்ணெயைக் குறையுங்கள்.